ரெட்டேரி முதல் புழல் வரை: வடசென்னையில் ஒரு காலை நடை

ஊருக்கு வரும் சொந்தக்காரர்களை மெரினாவுக்கும் மகாபலிபுரத்துக்கும் கூட்டிப் போவதோடு சரி. வடசென்னை என்றாலே துறைமுகம், லாரி, புகை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களே, இந்த முறை ஒரு காலைப் பொழுதை எங்கள் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். மாதவரத்தில் தொடங்கி ரெட்டேரி, சூரப்பட்டு, புழல், காவாங்கரை என்று சுற்றி மாதவரத்துக்கே வந்து சேரலாம். நின்று நிதானமாக நடந்தால் அரை நாள் ஆகும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான பருவம். மழை முடிந்து ஏரிகள் நிரம்பியிருக்கும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். மாதவரம் பேருந்து நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு வருவது நல்லது. கையில் சில்லறை இருக்கட்டும். டீக்கடைகளில் எல்லோரும் ஃபோனில்தான் காசு கொடுக்கிறார்கள், வெளிநாட்டு அட்டை அங்கே செல்லாது.

மர நிழல் கிடைப்பது மாதவரத்தில் பால்பண்ணைப் பக்கமும் தோட்டக்கலைப் பூங்காவிலும்தான். அதைத் தாண்டினால் வெயில், அதனால் தொப்பி அவசியம்.

ரெட்டேரியில் சாலைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். வண்டிச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஆகாயத்தாமரை இலைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பறவை நீந்தி வரும். நெற்றியில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைப் பட்டை இருந்தால் அது நாமக்கோழி. யார் வைத்த பெயரோ, அவ்வளவு பொருத்தம்! கூழைக்கடாக்களும் வரும்.

அப்புறம் புத்தகரம் வழியாகச் சூரப்பட்டு. இந்தத் துண்டில் பார்க்க அதிகம் இல்லை, கால் வலித்தால் ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

புழல் ஏரியில் மட்டும் அவசரப்படாதீர்கள். சென்னை குடிக்கும் தண்ணீர் இது. 1872-இல் இங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே ஓடிப் போய்ச் சேர்ந்தது. ஏரியின் இன்றைய கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. 2019 கோடையில் இதே ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்த எங்களுக்கு, நிறைந்த ஏரியைப் பார்ப்பது கோயிலுக்குப் போவதுபோல. குளிக்க இறங்காதீர்கள். கரைமேல் ஏற வேண்டுமானால் காவலாளியிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ட்ரோன் கூடவே கூடாது, பக்கத்தில் மத்தியச் சிறை இருக்கிறது. அந்தக் காலத்துத் தொண்டை மண்டலத்தின் ஆட்சிப் பிரிவுகளான கோட்டங்களில் ஒன்றான புழல் கோட்டத்துக்குப் பெயர் தந்த பழைய ஊர் இது. திருமூலநாதர் கோயில், ஆதிநாதர் சமணக் கோயில் இரண்டையும் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடுங்கள்.

காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே உங்கள் உறவினர் இருந்தால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ உள்ளே போக வேண்டாம்.

முழுச் சுற்றும் நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஒரு வழி உண்டு. மாலை ஐந்து மணிவாக்கில் கோயம்பேட்டிலிருந்து செங்குன்றம் போகும் 114-ஆம் எண் பேருந்தில் ஏறிப் புழலில் இறங்குங்கள். கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. சூரியன் ஏரிக்குள்ளேயே இறங்கும்.