டிஜிட்டல் பியானோவில் இரு கை வாசிப்பைப் பதிவு செய்ய எளிய வழி

பியானோவில் உள்ள மெட்ரோனோமை (சீரான தாளத்தட்டு ஒலியை) ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்து, முதலில் இடது கையை மட்டும் முதல் டிராக்கில் (தனித்தனியாகப் பதிவாகி, சேர்ந்து ஒலிக்கும் அடுக்குகளில் முதலாவதில்) பதிவு செய்யுங்கள். அதை ஒலிக்கவிட்டு, வலது கையை இரண்டாவது டிராக்கில் சேருங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் 60-இல் பதிவு செய்து, முடிந்தபின் 100-க்கு உயர்த்தினால் போதும்.

சுருதி மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். இந்தப் பதிவில் சேமிக்கப்படுவது ஒலி அல்ல. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் தொட்டீர்கள் என்ற மிடி குறிப்புகள்தான். அதனால் வேகம் கூடினாலும் சுருதி அப்படியே நிற்கும். வலது கை பிசகினால் அந்த டிராக்கை மட்டும் மீண்டும் வாசிக்கலாம். நன்றாக அமைந்த இடது கை வீணாகாது. என் கணிப்பில், நேரம் மிச்சமாவது இங்கேதான். மும்பையின் மாட்டுங்கா போல வீடுகள் நெருங்கிய பகுதியில் இருப்பவர்கள் இரவிலும் ஹெட்போனுடன் செய்யலாம். மெட்ரோனோமும் அதிலேயே கேட்கும்.

யூஎஸ்பி டிரைவில் வேவ் கோப்பாக, அதாவது ஒலியாகவே பதிவு செய்தால் இந்த வழி உதவாது. ஆலாபனை போலத் தாளக்கட்டின்றி வாசிப்பவற்றுக்கும் பொருந்தாது. அவற்றை இரு கைகளாலும் ஒரே மூச்சில் வாசிப்பதே நல்லது. சில மாடல்களில் சேமிக்காமல் அணைத்தால் பதிவு அழிந்துவிடும். முடித்தவுடன் சேமித்துவிடுங்கள்.