ஆர்மி ஜெனரேட்டரை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் செய்யும் தவறுகள்

2016 வர்தா, 2023 மிக்ஜாம் என்று ஒவ்வொரு புயல் அடித்து ஓய்ந்த பிறகும் சென்னையில் ஜெனரேட்டர் விசாரிப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு இன்வெர்ட்டர் மட்டும் போதாது என்பது தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் யாராவது வந்து சொல்வார்கள்: "ஆர்மி செட் ஒண்ணு இருக்கு சார், புதுசுல பாதி விலைகூட இல்ல, யானை மாதிரி இழுக்கும்."

இழுக்கும்தான். ஆனால் ராணுவத்தில் இருந்தபோது அதைக் கவனிக்க மெக்கானிக்குகள் இருந்தார்கள், உதிரி பாகத்துக்கு ஸ்டோர்ஸ் இருந்தது, எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று அட்டவணை இருந்தது. நம் வீட்டுக்கு வருவது வெறும் மெஷின். "ஆர்மி" என்ற பெயரை நம்பி மற்றதையெல்லாம் விட்டுவிடுவதுதான் முதல் தவறு.

பாதுகாப்புத் துறை கழித்த சாமான்கள் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் லாட் லாட்டாகப் போகின்றன. உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு கேள்வி கேட்க முடியாது. அதை எடுத்த வியாபாரியிடமிருந்து நீங்கள் வாங்கினால் ஏல டெலிவரி ஆர்டரின் நகலும் ஜிஎஸ்டி பில்லும் கேளுங்கள். காகிதம் இல்லாத ராணுவப் பொருளை வீட்டில் வைத்திருப்பது வேண்டாத தலைவலி. மணிக்கணக்கு மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று மகிழவும் வேண்டாம். மீட்டரை மாற்றியிருக்கலாம். மாற்றாவிட்டாலும், ஓடித் தேய்ந்த செட்டைவிடப் பல வருடம் ஓடாமல் கிடந்த செட்டில்தான் வேலை அதிகம்.

அடுத்தது, பெயர்ப்பலகையைப் படிக்காமல் விலை பேசுவது. அதில் பார்க்க வேண்டியவை கிலோவாட், கேவிஏ, வோல்ட், ஃபேஸ், எல்லாவற்றுக்கும் மேலாக ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை சுழற்சி என்ற கணக்கு. நம் வீட்டுக்கு 50. ரேடார், விமானக் கருவிகளுக்காகச் செய்த 400 ஹெர்ட்ஸ் செட்டுகளும் உண்டு. அது வீட்டுக்கு ஆகாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். கேவிஏவையும் கிலோவாட்டையும் குழப்பிக்கொள்பவர்களும் நிறைய. பவர் ஃபேக்டர் (கேவிஏவில் நிஜமாக வேலைக்கு ஆகும் பங்கு) 0.8 என்று போட்டிருந்தால் 10 கேவிஏ என்பது 8 கிலோவாட்தான்.

யூடியூபில் அமெரிக்கர்கள் எம்இபி வரிசை என்ற தங்கள் ராணுவ ஜெனரேட்டர் செட்டுகளைப் பிரித்து மாட்டுவதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்யக் கிளம்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே 60 ஹெர்ட்ஸ், நாலு போல் (காந்தத் துருவம்) உள்ள ஆல்டர்னேட்டர், அதாவது மின்சாரம் தரும் பகுதி, 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்று) சுற்றும். இங்கே 50 ஹெர்ட்ஸுக்கு 1500. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருகி வேகத்தைக் குறைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே வடிவமைத்த செட்டில், வேகம் குறையும் அதே விகிதத்தில் வோல்டேஜும் குறைந்தாக வேண்டும். 240 வோல்ட் ஏறக்குறைய 200 ஆகிவிடும், 10 கிலோவாட் எட்டேகால் ஆகிவிடும். வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆரை முறுக்கி மறுபடி 240க்கு ஏற்றினால் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்துபோய் காயில் சூடாகும்.

இதைவிட ஆபத்தானது அந்த அமெரிக்க செட்டுகளின் நியூட்ரல். 120, 240 என்று இரண்டு வோல்டேஜும் தரும் 120/240 செட்டில் நியூட்ரல் காயிலின் நடுவிலிருந்து வருகிறது, அது பாடியோடு எர்த் ஆகியிருக்கும். இரண்டு ஓரங்களையும் எடுத்து ஒன்றை ஃபேஸ், மற்றதை நியூட்ரல் என்று நம் வீட்டு வயரிங்கில் மாட்டினால், எர்த்தோடு தொடர்புள்ள நம் நியூட்ரல் வழியாகப் பாதிக் காயில் ஷார்ட் ஆகிவிடும். இதை மாற்றி அமைக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் இல்லையென்றால் அந்தச் செட்டைத் தொடாதீர்கள்.

சரி, 50 ஹெர்ட்ஸ் செட்டாகவே கிடைத்தது, வீட்டுக்கும் வந்துவிட்டது. உடனே பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பத்தான் கை துறுதுறுக்கும். அங்கேதான் செலவு ஆரம்பம். முதலில் எஞ்சினின் கிராங்க் தண்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் சுற்ற வேண்டும். டேங்கின் அடியில் தண்ணீரும் பாசியும் சேர்ந்திருக்கும், அதனால் பழைய டீசலை முழுவதும் வடித்துவிட வேண்டும். ஃபில்டர், ஆயில், கூலன்ட் எல்லாம் புதிது. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்னொன்று, நாம் இப்போது ஊற்றுவது 2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ்-6 டீசல், கந்தகம் 10 பிபிஎம்தான். கந்தகம் அதிகமிருந்த பழைய டீசலில் ஊறிய டீசல் பம்ப் சீல்கள் இதில் சுருங்கிக் கசிய வாய்ப்புண்டு. பம்பைத் திறக்கும்போதே சீலையும் மாற்றிவிடுவது மேல்.

வருடக்கணக்கில் கிடந்த பம்பின் ரேக் (எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளக்கும் தண்டு) திறந்த நிலையிலேயே இறுகியிருக்கவும் கூடும். அப்படி இருந்தால் ஸ்டார்ட் ஆன எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஸ்டாப் பட்டனுக்கு அடங்காது. அதனால் முதல் ஸ்டார்ட்டில் காற்றுக் குழாயை மூட ஒரு கனமான பலகையோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். கையால் மூட யாரும் முயலக் கூடாது.

பெரும்பாலான செட்டுகள் 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். "எல்இடிக்கு 12 வோல்ட் வேணும்" என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்தால் அது சீக்கிரம் இறங்கும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரும்.

எஞ்சின் ஓடுகிறது, வோல்ட் வரவில்லை. உடனே ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நீண்ட நாள் கிடந்ததில் ஆல்டர்னேட்டர் இரும்பில் எஞ்சியிருந்த காந்தம் போயிருக்கலாம், காந்தம் உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்குச் சில நொடி பேட்டரி கொடுத்தால் பல சமயம் சரியாகிவிடும். ஆனால் எஞ்சினை ஓட்டுவதற்கு முன்பே காயிலை மெக்கர் (மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் கிடந்த காயில் ஈரம் குடித்திருக்கும். 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓம்கூட வராவிட்டால் பல்பு வைத்துச் சூடுபடுத்தி உலர்த்தலாம். ஏவிஆரையும் டையோடுகளையும் கழற்றிவிட்டுத்தான் மெக்கர், மறந்தால் அவை போயின.

உதிரி பாகத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்த ஒரிஜினலைத் தேடி அலைவதும் வீண். பல ராணுவ செட்டுகளின் எஞ்சின் வெளிச்சந்தையிலும் விற்ற மாடல்தான். எஞ்சின் கம்பெனி, மாடல், பேரிங் எண், ஃபில்டரின் மரை அளவு இவற்றைக் குறித்துக்கொண்டு போனால் பல சாமான்கள் இங்கேயே கிடைத்துவிடும்.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு: பெரிய செட்டைச் சின்ன லோடில் ஓட்டுவது. 15 கிலோவாட் செட்டில் ராத்திரி முழுக்க நாலு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், டிவி. டீசல் எஞ்சினுக்கு இது பிடிக்காது. சிலிண்டர் போதுமான அளவு சூடாகாமல் டீசல் அரைகுறையாக எரியும், சைலன்சரில் கறுப்பு எண்ணெய் வடியும், நாசில் அடைபடும். முப்பது சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்கில் ஓட்டக் கூடாது. என் யோசனை, இன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். ராத்திரி அமைதியாக பேட்டரியில் கழியட்டும். காலையிலும் மாலையிலும் இரண்டு மணி நேரம் செட்டைப் போட்டு, மோட்டார், கீசர், ஏசி, பேட்டரி சார்ஜ் எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிடுங்கள். டீசலும் மிச்சம், பக்கத்து வீட்டோடு சண்டையும் மிச்சம். இன்று விற்கும் புது செட்டுகளுக்குச் சத்தத்தை அடக்கும் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல்தான் வரம்பு. கூண்டில்லாத பழைய செட் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

வயரிங்கில் குறுக்கு வழியே கிடையாது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரை ஏதோ ஒரு சாக்கெட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெயின் ஆஃப் செய்ய மறந்தால் அந்தக் கரண்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர் அழுத்தமாகத் திரும்பிப்போகும். புயலுக்குப் பிறகு கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனைக் கொல்ல அது போதும். இபியும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாத சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். மூன்று ஃபேஸ் வீட்டில் அது மூன்று ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நாலு போல் ஸ்விட்சாக இருக்க வேண்டும். அங்கே நியூட்ரல் ஸ்க்ரூ சரியாக இறுகியிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் சாமான்களுக்கு 400 வரை ஏறும், டிவியும் ஃப்ரிட்ஜும் ஒரே நிமிடத்தில் காலி. செட்டின் பாடிக்குத் தனி எர்த் போட்டு, பகுதி இபி அலுவலகத்திலும் தகவல் சொல்லி, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்தே இதைச் செய்யுங்கள்.

எங்கே வைப்பது? மழைத் தண்ணீர் வரும் என்று பயந்து பால்கனியிலோ மூடிய கார் பார்க்கிங்கிலோ வைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர்கள் எழவே மாட்டார்கள். திறந்த இடம், ஜன்னல்களுக்கு எட்டாத உயரத்துக்குப் புகைக்குழாய், 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற அளவுக்கு மேல் ஒரு கான்கிரீட் மேடை. அந்த அளவு தெரியாவிட்டால் எதிர் வீட்டுச் சுவரில் கறை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தெருவில் பழைய ஆட்களிடம் கேளுங்கள்.