தீத்தடுப்புக் கதவும் காணி எல்லையும்: கட்டடக் கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடத்தில் தீத்தடுப்புக் கதவுக்குப் பக்கத்தில், தீயைத் தாங்கும் நேரமாக "60 நிமிடம்" என்று எழுதியதோடு பலர் அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்கள். அந்த 60 நிமிடம் கதவுப் பலகைக்கு மட்டும் கிடைத்ததல்ல. பிரித்தானியச் சோதனைத் தரமான பிஎஸ் 476 பகுதி 22 ஆகட்டும், ஐரோப்பியத் தரமான இஎன் 1634-1 ஆகட்டும், உலையில் ஏற்றிச் சோதிப்பது பலகை, நிலை, பிணைச்சல், பூட்டு, கண்ணாடி எல்லாம் பூட்டிய முழுத் தொகுதியை. உலை அரை மணித்தியாலத்தில் 840 பாகை செல்சியஸைத் தாண்டும், ஒரு மணித்தியாலத்தில் 945-ஐத் தொடும். மறுபக்கம் சுவாலை வருகிறதா, விளிம்பில் பிடிக்கும் பஞ்சு பற்றுகிறதா, இடைவெளி விரிகிறதா என்று பார்த்துத்தான் நிமிடத்தைக் குறிக்கிறார்கள். சான்றிதழ் உள்ள பலகையை வாங்கி, கடையில் கிடைத்த மலிவான பிணைச்சலை மாட்டி, பிறகு பார்வைக் கண்ணாடிக்கென்று நடுவில் ஒரு சதுரமும் வெட்டினால், கையிலுள்ள சான்றிதழ் வேறு ஏதோ கதவுக்குரியது.

திருகோணமலையில் இதற்கு மேல் காலநிலை வேறு. வாடைக்காற்றோடு மழை பிடித்தால் மரக்கதவு ஊதி இறுகும். உடனே தச்சு பாஸைக் கூப்பிட்டு ஓரத்தைச் சீவுவார்கள். அப்புறம் கச்சான் அடிக்கிற மாதங்களில் அதே கதவு காய்ந்து சுருங்க, 3 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளியில் விரல் நுனியே நுழையும். சூடேறியதும் ஊதி அந்த இடைவெளியை அடைக்கிற பட்டியும் ஓரத்தில்தான் இருக்கிறது, சீவுகிற அவசரத்தில் சிலவேளை அதுவும் சேர்ந்து போய்விடும். இன்னொன்று, அந்தப் பட்டி ஏறத்தாழ 200 பாகையில்தான் வேலை செய்யத் தொடங்கும், புகையோ அதற்கு வெகு முன்பே வந்துவிடும். படிக்கட்டு, படுக்கையறைக் கதவுகளுக்குப் புகைத்தடுப்பு விளிம்பையும் சேர்த்துக் கேளுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோரமாகக் கட்டுகிறீர்கள் என்றால் துருப்பிடிக்காத பிணைச்சல் வேண்டும், ஆனால் அதுவும் அந்தக் கதவோடு சோதித்ததாகவோ, சான்றிதழ் அனுமதிப்பதாகவோ இருக்க வேண்டும்.

காற்றுக்காகச் செங்கல் முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்தால் ஆட்களைத் திட்டாதீர்கள். நாள் முழுக்க ஆள் போய்வருகிற வழியில், இந்த வெக்கையில், பாரமான கதவொன்றை மூடியே வைத்திரு என்றால் யார் கேட்பார்கள்? அலாரம் அடித்ததும் விடுவிக்கிற மின்காந்தப் பிடியை அங்கே வரைந்திருக்க வேண்டும்.

சரி, எல்லைக்கு வருவோம். பக்கத்துக் காணியை ஒட்டிய சுவரில் ஜன்னல் வைத்தால், உள்ளே எரிகிற தீயின் வெப்பம் அந்தத் திறப்பு வழியே கதிர்வீச்சாகப் போகும், சுவாலை தொடவே தேவையில்லை. இங்கிலாந்துக் கணக்கில் சதுர மீற்றருக்கு 12.6 கிலோவாட் என்ற வெப்பக் கதிர்வீச்சு வரம்பை வைத்து, சுவர் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், அதில் எவ்வளவு பரப்புத் திறந்திருக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். 1 மீற்றருக்குள் வந்துவிட்டால் மிகச் சிறிய திறப்புகளுக்கு மட்டுமே இடமுண்டு. நமக்குரிய தூரங்களை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகளில் பாருங்கள். இங்கிலாந்துக் கணக்கில் பொதுவாகத் தூரத்தை அளப்பது காணி எல்லைக்கு, பக்கத்துக் கட்டடத்துக்கு அல்ல, ஏனென்றால் இன்றைக்கு வெறும் வளவாகக் கிடப்பதில் நாளைக்குக் கடை எழும்பும்.

டவுனுக்குள் ஒட்டி ஒட்டி நிற்கிற பழைய கடைகளைத் திருத்தும்போதுதான் பெரிய கோட்டை விடுகிறார்கள். பொதுச் சுவர் சீலிங்கோடு நின்றுவிடும், மேலே ஓட்டுக் கூரை இரண்டு மூன்று கடைக்கும் ஒன்றாக ஓடும். கீழே ஒரு மணித்தியாலக் கதவு போட்டு என்ன, தீ கூரை மரத்தில் ஏறி அடுத்த கடைக்குப் போய்விடும். சுவரைக் கூரையின் அடிவரை எழுப்பி, மிஞ்சுகிற இடுக்கைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். வயர், குழாய் போகிற ஓட்டைகளுக்கும் அதே கதைதான். ஏசி பூட்ட வந்தவர் துளைத்துவிட்டுப் போன பிறகு அதை அடைப்பது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள்.