தாய் நிறுவனத்திடமிருந்து மெஷின் இறக்குமதியா? கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

கொரியாவிலோ ஜப்பானிலோ இருக்கும் தாய் நிறுவனத்திடமிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு மெஷின் வாங்கினால், சென்னைத் துறைமுகத்தில் கேள்வி வருவது விலையில்தான். சொந்தத்துக்குள் குறைத்துப் போட்டார்களோ என்று கஸ்டம்ஸின் சிறப்பு மதிப்பீட்டுப் பிரிவு (எஸ்.வி.பி.) விசாரிக்கலாம், அது முடியும்வரை தற்காலிக மதிப்பீட்டில், அதாவது வரியைத் தற்காலிகமாகக் கணக்கிட்டு, சரக்கை எடுத்துக்கொள்ள வழியுண்டு. ஆனால் விலை ஒப்பந்தம், ராயல்டி விவரம் எல்லாம் கப்பல் கிளம்பும் முன்பே கையில் இருக்கட்டும். இறக்குமதி-ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண், அந்நியச் செலாவணி கையாளும் வங்கியின் அடையாள எண்ணான ஏ.டி. கோடு பதிவு இரண்டையும் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது கஸ்டம்ஸிடம் தாக்கல் செய்யும் இறக்குமதி விவரப் படிவம். சரக்கு வரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம், பிறகு தினம் 10,000. இன்வாய்ஸில் வெறும் ‘மெஷின் பார்ட்ஸ்’ என்று எழுதி அனுப்புவார்கள், விடாதீர்கள். மாடல் எண், பயன்பாடு எல்லாம் கேட்டு வாங்கினால்தான் வரி விகிதத்துக்கு அடிப்படையான சரக்கு வகைப்பாட்டு எண், அதாவது எச்.எஸ். கோடு, சரியாக விழும்.