சீனப் புத்தாண்டில் சரக்கு சிக்காமல் இருக்க: சேலம் பட்டறைகளுக்கான கணக்கு

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வாரத்தில் தறி ஓட்ட ஆள் கேட்டால் என்ன பதில் வருமோ, சீனப் புத்தாண்டு நேரத்தில் ஷென்ஜென், நிங்போ போன்ற சீன ஆலை நகரங்களிலும் அதே பதில்தான் வரும். ஆனால் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் நாலாம் நாள் வேலைக்கு வந்துவிடுவார். அங்கே ஆள் ஊருக்குப் போவது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். போனஸ் வாங்கிய கையோடு வேறு ஆலைக்கு மாறிவிடுகிறவர்களும் நிறைய.

அரசு விடுமுறை எட்டு, ஒன்பது நாள்தான். 2026ல் பிப்ரவரி 15 முதல் 23 வரை. அதை மட்டும் பார்த்து ஆர்டர் போடுவதுதான் முதல் தவறு. பண்டிகைப் பயணக் காலம் என்று சீன அரசே 40 நாள் கணக்கு வைக்கிறது: 15 நாள் முன்பிருந்து 25 நாள் பின்பு வரை. உற்பத்தி தடுமாறும் காலமும் ஏறக்குறைய அதுதான். தேதியும் சந்திரக் கணக்கில் நகரும். 2027ல் பிப்ரவரி 6, 2028ல் ஜனவரி 26.

ஒரு கணக்குப் போடுவோம். போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு சர்க்யூட் போர்டும் பிளாஸ்டிக் கூடும் சீனாவில் செய்து வாங்கும் பட்டறை. மாதம் 2,000, அதாவது வாரம் 460 போர்டு வேண்டும். 2027 பண்டிகைக்கு முந்தைய கடைசி லோடு பிப்ரவரி முதல் வாரம் சேலம் வந்து சேர்கிறது. புத்தாண்டுக் கொண்டாட்டத்தை முடித்து வைக்கும் சீன விளக்குத் திருநாள் பிப்ரவரி 20. அதன் பிறகுதான் ஆலையின் உற்பத்தி லைன் ஒழுங்காக ஓடும். அடுத்த லோடு தயாராக மார்ச் கடைசி, இறங்க ஏப்ரல் 20. இடையில் 11 வாரம், 5,060 போர்டு. நடுவில் கோடை, கிணறு வற்றி மோட்டார் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 6,000 கையில் இருக்க வேண்டும். மூன்று மாத இருப்புக்குப் பணம் முடங்குகிறதே என்று 3,000 போட்டவர், மார்ச்சில் விற்க முடிகிற நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

இனி பின்னோக்கி வாருங்கள். பிப்ரவரி முதல் வாரம் சரக்கு வேண்டுமென்றால் ஜனவரி 12க்குள் ஆலையை விட்டு வெளியேற வேண்டும். சென்னைக்குக் கப்பல் இரண்டு, மூன்று வாரம். துறைமுகத்திலிருந்து ஆத்தூர் வழியாக லாரி ஒரு ராத்திரி. சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட வேண்டும். கிளியரிங் ஏஜென்டிடம் பொங்கலுக்கு முன்பே தாள்களைக் கொடுத்துவிடுங்கள். ஜனவரி முதல் வாரம் பரிசோதனை, டிசம்பர் முழுக்க உற்பத்தி, நவம்பர் 20க்குள் மாதிரிக்கு ஒப்புதல், நவம்பர் முதல் வாரம் முன்பணம். அக்டோபர் 1 முதல் 7 வரை அவர்களுக்குத் தேசிய தின விடுமுறை; ஆகவே விலைப் பேச்சு செப்டம்பரிலேயே முடிய வேண்டும்.

இங்கேதான் சேலத்துக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். 2026 தீபாவளி நவம்பர் 8. நம் ஆட்களுக்குப் போனஸ் கொடுக்கும் அதே வாரத்தில் சீனாவுக்கு 30 சதவீத முன்பணமும் போக வேண்டும். ஆகஸ்டிலேயே வங்கியில் பேசி ஓவர் டிராஃப்டுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் பத்து நாள் தள்ளினால் சரக்கு பத்து நாள் தள்ளாது. வரிசையில் இடம் போய், இரண்டு மாதம் தள்ளும்.

'லீவு எப்போது?' என்று கேட்டால் அரசுத் தேதியைத்தான் சொல்வார்கள். நான்கு தேதிகளைத் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள்: லைன் கடைசியாக ஓடும் நாள், கடைசி லோடு வெளியேறும் நாள், ஆபீஸ் திறக்கும் நாள், முழு ஆளோடு லைன் ஓடும் நாள். ரிலே (போர்டில் உட்காரும் மின் சுவிட்ச்), அட்டைப்பெட்டி, பிளேட்டிங் (உலோகப் பூச்சு) தருபவர்கள் எப்போது மூடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். சின்னப் பட்டறைகள் அவைதான். முதலில் பூட்டுவதும் அவைதான். ஒரு ரிலே கிடைக்காவிட்டால், கேட்காமலே வேறு பிராண்டை வைத்துச் சாலிடர் செய்து அனுப்பிவிடுவார்கள். பாகப் பட்டியலில் பிராண்டும் பார்ட் நம்பரும் எழுதி, 'எழுத்தில் ஒப்புதல் இன்றி மாற்றக் கூடாது' என்று ஆர்டரிலேயே சேருங்கள்.

அவசரத்தில் ஆர்டரைப் பக்கத்து ஆலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயமான எல்இடி விளக்கு போன்ற பொருளில் இது பெரிய ஆபத்து. பதிவு அந்தந்த ஆலையின் முகவரிக்குத்தான். வேறு ஆலையில் செய்த சரக்கு சுங்கத்தில் நின்றுவிடும்.

மீதி 70 சதவீதத்தை, 'நாளைக்கு மூடுகிறோம்' என்று நெருக்கினாலும், பரிசோதனை அறிக்கை பார்க்காமல் அனுப்பாதீர்கள். இந்தப் பருவத்தில் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அனுப்பும் பணம் விடுமுறைக்கு ஐந்து வேலை நாள் முன்பே அங்கு சேர வேண்டும்.

பண்டிகைக்கு முன் கப்பல் வாடகை ஏறும். பின்பு சரக்கில்லாமல் சில கப்பல்களையே ரத்து செய்வார்கள். தாமதமானால் எல்லாவற்றையும் விமானத்தில் ஏற்ற வேண்டாம். 120 கிராம் போர்டு 500 என்றால் 60 கிலோதான்; அது விமானத்தில் வரட்டும், இடத்தை அடைக்கும் கூடு கப்பலில் வரட்டும். கூட்டுக்குக் கோவையில் ஒரு மோல்டு (வார்ப்பு அச்சு) வைத்திருப்பது இன்னும் நல்லது.

விடுமுறைக்கு முன் பாதியில் எதையும் நிறுத்த விடாதீர்கள். பாகம் ஏற்றாத வெற்று போர்டு செப்பு மேல் மெல்லிய பூச்சு மட்டும் உள்ள ரகமானால், உறை பிரித்து மூன்று வாரம் கிடந்தால் சாலிடர் ஒட்டாது. உறை பிரித்த ஐசி (சிப்) ரீல் ஈரம் குடித்துவிடும். அடுப்பில் சுடாமல் ஏற்றினால் உள்ளே வெடிப்பு விழும். மீந்ததை வேக்குவம் உறையில் மூடிப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

திறந்த பின் வரும் முதல் லாட்டை முழுதாகச் சோதியுங்கள். சாம்பிள் எடுத்துப் பார்ப்பது போதாது. மோல்டுக்குத் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்திருப்பார்கள். முதல் 50, 100 கூடுகளில் அந்த எண்ணெய்க் கறை வரும், எண்ணாமல் ஒதுக்கச் சொல்லுங்கள். போர்டில் புது ஆள் கைவைத்த இடம் கெப்பாசிட்டரில் தெரியும்: வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மைனஸ், அது போர்டில் அச்சிட்ட குறியோடு பொருந்த வேண்டும். தலைகீழாக மாட்டியது மின்சாரம் கொடுத்தவுடன் உப்பி வெடிக்கும்.