முட்டி சிப்பி உடைஞ்சா, கால் எலும்பு முறிஞ்சா: ஆப்பரேஷனும் அதுக்கு அப்பறமும்

நாங்க மலேசியாவுல இருக்கோம், எங்க வீட்டுல ரெண்டும் நடந்துருச்சு. அப்பா செம்பனைத் தோட்டத்துல வாய்க்கா மேல போட்ட பலகை வழுக்கி முட்டி குத்தி விழுந்தாரு, முட்டிக்கு முன்னாடி இருக்குற சின்ன எலும்பு, அதான் சிப்பி, ரெண்டா போச்சு. அடுத்த வருஷம் தம்பி சுங்கை சிப்புட் ரோட்டுல மோட்டார்ல விழுந்து முட்டிக்குக் கீழ எலும்ப முறிச்சுக்கிட்டான். ஆப்பரேஷன் வேற வேற, கால ஊனுற கணக்கும் வேற, இது தெரியாமதான் வீட்டுல பாதி சண்டை.

முதல்ல, உருவி விட ஆள் தேடாதீங்க லா. ஒவ்வொரு லயத்துலயும் உருவுற பாட்டி ஒருத்தங்க இருப்பாங்க, சுளுக்குக்கு சரி, முறிவுக்கு வேணாம். அட்டைப்பெட்டிய கிழிச்சு காலுக்கு ரெண்டு பக்கமும் வச்சு துணியால கட்டி, கால ஆட்டாம கொண்டு போங்க. எலும்பு வெளிய தெரிஞ்சா சுத்தமான துணியால மூடி உடனே 999, அந்த மாதிரி காயத்துக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடுறாங்களோ அவ்வளவு நல்லது. பாவமா இருக்குன்னு மைலோ கலக்கிக் கொடுக்காதீங்க, மயக்க ஊசிக்கு வயிறு காலியா இருக்கணும்.

முட்டி சிப்பிக்கு டாக்டர் ஒரு சோதனை பண்ணுவாரு, மல்லாக்க படுத்து முட்டிய மடக்காம கால தூக்கச் சொல்லுவாரு. தூக்க முடிஞ்சு, உடைஞ்ச துண்டும் விலகாம இருந்தா, நாலுலேர்ந்து ஆறு வாரம் கட்டு போட்டே ஆறிடும். அப்பாவுக்கு தொடை துடிக்குது, குதிகால் மெத்தையிலயே கிடக்குது. தொடைச் சதை மேல் துண்ட மேல இழுத்துடுச்சு, அப்ப ஆப்பரேஷன்தான். ரெண்டு கம்பிய நேரா குத்தி, மேல மெல்லிசு கம்பிய எட்டு போட்டு முறுக்குவாங்க, முட்டி மடங்குறப்ப வர்ற இழுவையே உள்பக்கம் துண்டுகள சேத்து அமுக்கும், நல்ல யோசனை.

கால் எலும்பு நடுவுல முறிஞ்சா, முட்டிக்குக் கீழ ஓட்டை போட்டு எலும்புக்குள்ளயே நீட்டு கம்பி ஒண்ண இறக்கி மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டுடுவாங்க. டாக்டர் சரின்னா சீக்கிரமே ஊனலாம், தம்பிக்கு அப்படித்தான். முட்டிய ஒட்டி மேல் பக்கம் உடைஞ்சா பிளேட், அதுக்கு ஆறு வாரம், சில பேருக்கு மூணு மாசம் வரைக்கும்கூட பாரம் போடக் கூடாது. கம்பி போட்டாச்சுல்ல, ஏன் நடக்க மாட்டேங்கிறன்னு சொந்தக்காரங்க திட்டுவாங்க, கேக்காதீங்க. எலும்பு முழுசா ஒட்ட நாலஞ்சு மாசம் ஆகும், சிகரெட் புடிச்சா இன்னும் இழுக்கும்.

ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கிட்டே போகுது, கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கு, கால் விரல லேசா நிமித்தினாலே கத்துறாங்கன்னா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் நர்ஸ கூப்புடுங்க. உள்ள வீங்கி ரத்த ஓட்டம் நின்னா சில மணி நேரத்துல சதை செத்துடும். வீட்டுக்கு வந்தப்பறம் கெண்டைக்கால் வீங்கினாலோ, திடீர்னு மூச்சு வாங்குனாலோ அதே அவசரந்தான், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அரசாங்க ஆஸ்பத்திரில மூணாம் கிளாஸ் வார்டுக்கு நம்ம நாட்டு குடிமக்களுக்கு நாளைக்கு 3 வெள்ளிதான், ஆனா கம்பி, பிளேட்டெல்லாம் தனியா வாங்கச் சொல்லலாம், எங்களுக்கு அங்கதான் தலை சுத்துச்சு. காசு இல்லன்னா ஆஸ்பத்திரி வெல்ஃபேர் ஆபீசர அப்பவே கேளுங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்கு இல்ல. வேலை இடத்துலயோ வேலைக்குப் போற வழியிலயோ அடிபட்டா சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இருக்கு, எம்சி (டாக்டர் கொடுக்குற லீவு சீட்டு) நாலு நாளாவது இருந்தா சம்பளத்துல 80 சதவீதம் கிடைக்கும், ஒரு எம்சி சீட்டையும் தொலைக்காதீங்க.

வீட்டுக்கு வந்தா குந்தி உக்காந்து போற கக்கூஸ்தான் பெரிய பிரச்சனை. நடுவுல ஓட்டை உள்ள நாற்காலி ஒண்ணு தேடி வச்சிருங்க. கோழி, முட்டை சாப்பிட்டா புண்ணு அரிக்கும்னு நிறுத்திடாதீங்க, ஒடம்பு தேற அதுதான் வேணும், வெரால் சூப்பும் நல்லதுதான்.

மடக்குற பயிற்சிய பிசியோ எப்ப சொல்றாங்களோ அப்பவே தொடங்குங்க. நாங்க செஞ்சது இப்படி: சிமெண்டு தரையில உக்கார வச்சு, குதிகாலுக்கு அடியில பிளாஸ்டிக் பை, பாதத்துல துண்டு மாட்டி அப்பா கையாலயே மெதுவா இழுக்கணும். முதல் நாள் ஒரு சாண்கூட நகரல, கண்ணுல தண்ணி. சிமெண்டுல சுண்ணக்கட்டியால கோடு போட்டு தினமும் அத தாண்டச் சொன்னோம்.

முட்டி மேல சதை இல்லாததால கம்பி தோலுக்கடியில குத்தும், எலும்பு ஒட்டினப்பறம் எடுத்துடலாம். அப்பா அத கேட்டு வாங்கிட்டு வந்து ஆணி டப்பாவுல போட்டு வச்சிருக்காரு, எதுக்காவது ஆகுமாம்.