வாய் நாத்தம் போகணுமா? முதல்ல அது எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க

வாய் நாத்தம் இருக்குன்னு சந்தேகம் வந்தா நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா ஒரு மின்ட் மிட்டாய வாயில போட்டுக்குவாங்க, இல்லன்னா மவுத்வாஷ் ஊத்தி கொப்பளிச்சிட்டு கெளம்பிடுவாங்க. கொஞ்ச நேரம் நல்லாருக்கும், அப்புறம் பழையபடி ஆயிடும். நாத்தம் உண்டாகுற இடத்துல யாரும் கைய வைக்கவே இல்லையே, அப்புறம் எப்படி போகும்? அதனால இந்த பதிவுல முதல்ல இடத்த கண்டுபிடிப்போம், அப்புறம் ஒவ்வொரு ஸ்டெப்பா சரி பண்ணுவோம்.

பெரும்பாலானவங்களுக்கு, கிட்டத்தட்ட பத்துல எட்டு ஒன்பது பேருக்கு, பிரச்சனை வாய்க்குள்ளயே தான் இருக்கு. காத்து படாத இடுக்குல வாழுற பாக்டீரியா இருக்கே, அது சாப்பாட்டுத் துணுக்கு, உதிர்ந்த செல், எச்சில் இதுல இருக்குற புரதத்த ஒடச்சு தின்னும்போது கந்தகம் கலந்த வாயு வெளிய வருது. ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் இந்த ரெண்டும் தான் முக்கியமான ஆளுங்க. அழுகுன முட்டை வாடை அடிக்குதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடோட வேலை.

ஸ்டெப் 1: டெஸ்ட் பண்ணி பாருங்க

கைய குவிச்சு ஊதி மோந்து பாக்குறது சரியா வராது, நம்ம வாடை நம்ம மூக்குக்கு பழகிப் போயிருக்கும். அதுக்கு பதிலா மூணு விஷயம் பண்ணுங்க. மணிக்கட்ட நாக்கால நக்கி கொஞ்சம் காயவிட்டு மோந்து பாருங்க, இது நாக்கோட முன்பக்க நிலவரம். ஒரு ஸ்பூன திருப்பிப் பிடிச்சு நாக்கோட பின்பக்கத்த மெதுவா வழிச்சு அதையும் மோந்து பாருங்க. மூணாவது, கடவாய்ப் பல்லுக்கு நடுவுல ஃப்ளாஸ் நூல (பல்லு இடுக்க சுத்தம் பண்ற மெல்லிசு நூல்) விட்டு எடுத்து அதையும். எதுல வாடை ஜாஸ்தியா இருக்கோ அங்கதான் உங்க வேலை அதிகம்.

பல்லு வெளக்குன உடனே டெஸ்ட் பண்ணாதீங்க, காலைல எந்திரிச்ச உடனேயும் வேணாம். தூங்கும்போது எச்சில் சுரக்குறது ரொம்ப கொறஞ்சிடும், அதனால காலைல எல்லாருக்குமே வாடை இருக்கும், அது வியாதி இல்ல. மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்குறது தான் சரி. வீட்ல கூச்சப்படாம கேக்குற மாதிரி ஒருத்தர் இருந்தா அவங்கள கேளுங்க, அத விட நம்பகமான டெஸ்ட் வேற இல்ல.

ஸ்டெப் 2: நாக்கு, அதுவும் பின்பக்கம்

இத தான் முக்கால்வாசி பேர் விட்டுடுறாங்க. முன்னாடி ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நாக்கு வழிச்சாச்சுன்னு நினைச்சுக்கிறோம், ஆனா முன்பக்கம் பேசும்போதும் சாப்பிடும்போதும் அண்ணத்துல ஒரசி தானாவே ஓரளவு சுத்தமாயிடும், பின்பக்கத்துக்கு அந்த வசதி கெடையாது. அங்க மேடும் பள்ளமுமா இருக்குறதால வெள்ளையா மஞ்சளா ஒரு படலம் தங்கிடும்.

நாக்க நல்லா வெளிய நீட்டுங்க, டங் கிளீனர எவ்வளவு பின்னாடி வைக்க முடியுமோ அவ்வளவு பின்னாடி வச்சு, லேசா அழுத்தி, முன்னாடி இழுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணியில கழுவுங்க. நாலஞ்சு தடவை போதும். ரத்தம் வர்ற அளவுக்கு சொரண்டாதீங்க ப்ளீஸ், புண்ணாச்சுன்னா எரிச்சலும் சேர்ந்துக்கும். குமட்டல் வருதா? மூச்ச வெளிய விட்டுக்கிட்டே இழுங்க, முதல் வாரம் நடு நாக்கு வரைக்கும் போங்க, பழகப் பழக பின்னாடி போலாம். வெறும் வயித்துல பண்ணா இன்னும் சுலபம்.

ஸ்டெப் 3: பல்லு இடுக்கு

ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 2 நிமிஷம், சாஃப்ட் பிரஷ், ஃப்ளோரைடு இருக்குற பேஸ்ட். பிரஷ்ஷ ஈறும் பல்லும் சேர்ற எடத்துல சாய்ச்சு வச்சு சின்ன சின்ன வட்டமா தேய்ங்க. ராத்திரி வெளக்குறத மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீங்க, எச்சில் கொறையுற நேரத்துல வாய்க்குள்ள சாப்பாடு இருந்தா பாக்டீரியாவுக்கு விருந்து வச்ச மாதிரி.

ஆனா பிரஷ் பல்லுக்கு நடுவுல போகாது, அதுக்கு ஃப்ளாஸ் வேணும், இடைவெளி கொஞ்சம் பெருசா இருந்தா இடுக்குக்குன்னே இருக்குற குட்டி பிரஷ். நூல சடக்குன்னு ஈறுல எறக்காம, பல்ல அணைச்ச மாதிரி வளைச்சு மேலயும் கீழயும் தேய்க்கணும். ஆரம்பத்துல ரத்தம் வரும், பயந்து நிறுத்திடாதீங்க, அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருக்குறதால தான் வருது, தெனமும் சுத்தம் பண்ணா பொதுவா ஒண்ணு ரெண்டு வாரத்துல கொறைஞ்சிடும். கொறையலன்னா பல் டாக்டர பாத்தே ஆகணும். பல்லுல காரை படிஞ்சு கெட்டியாயிட்டா வீட்டு பிரஷ்ஷால எடுக்க முடியாது, பல் டாக்டர் கருவி வச்சு அத எடுக்குற ஸ்கேலிங் தான் வழி.

பல் செட் போடுறவங்க ராத்திரி கழட்டி, தனியா தேய்ச்சு கழுவி வைங்க.

ஸ்டெப் 4: வாய் காயாம பாத்துக்கோங்க

எச்சில் தான் வாய நாள் முழுக்க கழுவிக்கிட்டே இருக்குற தண்ணி, அது கொறஞ்சா நீங்க என்ன வெளக்குனாலும் பாதி பலன் தான். தண்ணி அடிக்கடி குடிங்க. சர்க்கரை இல்லாத சூயிங் கம் மென்னா எச்சில் ஊறும், சர்க்கரை இருக்குறது வேணாம். சிகரெட், மது ரெண்டும் வாய காய வைக்கும், சிகரெட் ஈறயும் கெடுக்கும். மூக்கடைப்பால வாய்ல மூச்சு விட்டு தூங்குறவங்க மூக்க கவனிங்க. அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வுக்கு எடுக்குற சில மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகூட வாய காய வைக்கலாம். நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தி தர வழி இருக்கலாம்.

ஸ்டெப் 5: மவுத்வாஷ் கடைசியா தான்

மேல சொன்னது எல்லாம் பண்ணிட்டு தான் இது. துத்தநாகமோ (ஜிங்க்) செடைல்பிரிடினியம்ங்கிற கிருமிநாசினியோ இருக்குறது நாத்தத்துக்கு ஓரளவு ஒதவும். குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி இருக்குற மவுத்வாஷ் பவர்ஃபுல், ஆனா டாக்டர் சொன்ன நாளைக்கு மட்டும் தான், தொடர்ந்து போட்டா பல்லுல பழுப்புக் கறை விழும், ருசியும் மாறும். அதையும் பேஸ்ட் போட்டு வெளக்குன உடனே ஊத்தாதீங்க, அரைமணி நேரம் கேப் விடுங்க, பேஸ்ட்ல இருக்குற நுரைப் பொருள் அதோட வேலைய கெடுத்துடும்.

பூண்டு, வெங்காயம் சாப்பிட்டு வர்ற வாடை வேற கதை. பூண்டோட கந்தகப் பொருள் ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா மூச்சுல வருது, பல்லு வெளக்குனா முழுசா போகாது, நேரம் ஆனா தானா போயிடும்.

ஸ்டெப் 6: ரெண்டு வாரம் பண்ணியும் போகலையா?

உடனே வயிறு சரியில்லன்னு முடிவு பண்ணி செரிமான மருந்து வாங்காதீங்க. வயித்துக்கு மேல உணவுக்குழாய் சாதாரணமா மூடியே இருக்கும், வயித்துலருந்து வாடை வர்றது கம்மி தான். முதல்ல பல் டாக்டர், சொத்தை, ஈறு நோய் இருக்கான்னு பாப்பார். அங்க ஒண்ணும் இல்லன்னா காது மூக்கு தொண்டை டாக்டர். டான்சில் குழியில வெள்ளையா கல்லு மாதிரி சேரும், நசுக்குனா வாடை தூக்கும், சைனஸ் சளி தொண்டையில எறங்குறதும் ஒரு காரணம். சின்ன குழந்தைக்கு ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தமா சளி வந்தா உள்ள மணியோ பொத்தானோ மாட்டியிருக்கலாம், நீங்களா குத்தி எடுக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடவே கூடாது. சர்க்கரை நோய் இருக்குறவங்க மூச்சுல பழ வாடையோ நெயில் பாலிஷ் ரிமூவர் வாடையோ அடிச்சு, கூடவே வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம்னு இருந்தா அது அவசரம், நேரா ஆஸ்பத்திரி தான். மூச்சுல மூத்திர வாடை மாதிரி வந்தா கிட்னியையும் செக் பண்ண சொல்லுங்க.

இன்னொரு விஷயம், நாத்தமே இல்லாதப்பவும் தனக்கு நாத்தம் இருக்குன்னு நம்பி யார்கிட்டயும் பக்கத்துல போய் பேசாம ஒதுங்கிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. நீங்க அப்படி தவிக்கிற ஆளா இருந்தா தனியா கஷ்டப்படாதீங்க, டாக்டர் மோந்து பாத்தோ மெஷின் வச்சோ இருக்கா இல்லையான்னு சொல்லிடுவார். இல்லன்னு சொல்லியும் அந்த பயம் போகலன்னா மனநல டாக்டர்கிட்ட பேசுங்க, அதுக்கும் நல்ல சிகிச்சை இருக்கு. செக்கப்புக்கு போறதுக்கு முந்தின நாள் பூண்டு, வெங்காயம் வேணாம், அன்னைக்கு காலைல மவுத்வாஷ், சூயிங் கம், சென்ட் எதுவும் வேணாம், அப்பதான் உள்ளது உள்ளபடி தெரியும்.